மூலையில் நின்ற மஞ்சள்

மீன்கார முனாப்புக்கு விலை கேட்கத் தெரியாது என்பது நிந்தவூரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பதினாறு வருஷமாக விலை சொல்லி மீன் விற்கிறவன்தான். ஆனால் வாங்குகிற பக்கத்தில் நிற்க நேர்ந்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரன் முப்பது என்றால் முப்பதையும் எடுத்து நீட்டிவிடுவான். ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மனைவி கைருன்னிஸாவுக்குச் சாறி எடுக்கக் கல்முனைக்குப் போனவன், சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு வந்தான். அதே கடையில் அதே சாறியை அடுத்த வீட்டு வளவுக்காரி பதினெட்டு ரூபாய் குறைத்து எடுத்திருந்தாள். அந்தப் பெருநாள் முடியும்வரை அவர்கள் குடியிருந்த ஒழுங்கையே சிரித்தது.

"கடைக்காறனும் எங்களப் போல விக்கிறவன்தானே புள்ள. விலையக் குறை எண்டு கேட்டா அவன்ட மனசு என்ன பாடுபடும் எண்டு எனக்குத் தெரியும்" என்றான் முனாப்.

"அவன்ட மனசுக்குப் பதினெட்டு ரூபா ஹதியா குடுத்திட்டு வந்திரிக்கிங்க" என்றாள் கைருன்னிஸா.

அப்படிப்பட்டவன் ஒரு புதிய மோட்டார் சைக்கிளுக்கு விலை பேசப் போகவேண்டி வந்தது. எண்பதாம் ஆண்டுக் கச்சான் காலத்தில்தான் அது நடந்தது.

கச்சான் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். மேற்கே வயல்வெளியிலிருந்து அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி வரும். முனாப்பின் பாதையும் மேற்குத்தான். விடியற்காலை கரைவலை இழுத்து முடிய, ஈரம் காயாத மீனைப் பெட்டியில் அடுக்கி, மேலே தென்னோலையும் நனைத்த சாக்கும் போட்டுச் சைக்கிளில் கட்டுவான். காரைதீவுச் சந்தியில் திரும்பி, மாவடிப்பள்ளிப் பாலம் தாண்டி, சம்மாந்துறை கடந்து, வயல் வட்டை நடுவே கிறவல் ரோட்டில் சொறிக்கல்முனைக்கு ஏறவேண்டும். மற்றக் காலத்தில் ஒன்றரை மணித்தியாலம். கச்சானில் இரண்டரை. பெட்டிக்குள் மீன் வாடும், மேலே முனாப் வாடுவான்.

அந்த வருஷம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மருதமுனைப் பக்கத்து இளந்தாரி ஒருத்தன் மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு சொறிக்கல்முனைக்கு வரத் தொடங்கினான். அவன்மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மீன், நல்ல வாய். ஏழு மணிக்கெல்லாம் ஊருக்குள் நின்று ஹோர்ன் அடிப்பான். முனாப் ஒன்பது மணிக்கு வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேரும்போது வீட்டுக்கு வீடு மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். மூன்று கிழமையாகப் பாதிப் பெட்டி மீனோடு திரும்பி வந்தான். கைருன்னிஸா அதையெல்லாம் கீறி உப்புப் போட்டுக் காயவைத்தாள். கூரையில், வேலியில், கிணற்றுக் கட்டில் எங்கும் கருவாடு. மகள் அஸீஸா சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டு, "உம்மா, எங்கட வாப்பா மீன்காறனா, கருவாட்டுக்காறனா?" என்று கேட்டாள். முனாப் சாப்பிடாமல் எழுந்து கை கழுவினான்.

சொறிக்கல்முனையில் அவனுக்காகக் காத்திருந்த ஒரே ஆள் செல்லத்தங்கம். புருஷனோடு சேர்ந்து மூன்று ஏக்கர் வயல் செய்கிற மனுஷி. மீன் வாங்கும்போது அவள் பேசுகிற பேரத்தைப் பார்க்கப் பக்கத்து வீட்டார் வேலிப் படலையடிக்கு வந்து நிற்பார்கள். ஒருநாள் அவளும் சொல்லிவிட்டாள்.

"காக்கா, நான் சொல்றனெண்டு கோவிக்காதீங்க. பிள்ளையள் பள்ளிக்குடத்தால வந்து சோறு கேக்குதுகள். உங்கட மீன் வாற நேரத்துக்கு நான் எப்ப அரைச்சு எப்ப காய்ச்சிற? நீங்களும் ஒரு மோட்டச்சைக்கிள் எடுங்க."

"எடுக்கலாம் அக்கா. விலையெல்லோ கேக்கணும்."

"அதுக்கென்ன, கேட்டாப் போச்சு."

முனாப் பெட்டியின் மேலிருந்த ஓலையைச் சரிசெய்தான். செல்லத்தங்கத்துக்கு விளங்கிவிட்டது. பதினாறு வருஷமாக அவனிடம் விலை குறைத்தவள் அல்லவா?

"எங்க, பெட்டிய இஞ்ச வைங்க. நான்தான் மீன்காறன். நீங்க செல்லத்தங்கம். இந்தப் பாரைக்குட்டி பன்னெண்டு ரூபா. கேளுங்க பாப்பம்."

முனாப் பாரையைப் பார்த்தான். செல்லத்தங்கத்தைப் பார்த்தான். "பதினொண்டரை தரட்டா?" என்றான்.

"ஐயோ காக்கா! ஆறில தொடங்கணும்."

"ஆறு கேட்டா மனசு நோகாதா?"

"என்ர மனசு நொந்தா உங்களுக்கென்ன? நான்தானே மீன்காறன்! குத்தம் சொல்லுங்க. கண்ணு வெளுத்திட்டு, செவுள் கறுத்திட்டு, வயிறு வெடிக்கப் போகுது எண்டு சொல்லுங்க. மறுகா வேண்டாமெண்டு திரும்பி நடங்க. பின்னால கூப்பிடுவாங்க. திரும்பிப் பாக்கப்படாது."

"ஓம் அக்கா, நீங்க அப்படித்தான் நடக்கிற" என்றான் முனாப், பதினாறு வருஷத்து ஞானம் ஒரே நொடியில் உதித்தவனாக. "நானும் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டிரிக்கன்."

செல்லத்தங்கம் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள். படலையடியில் நின்றவர்களும் சிரித்தார்கள். முனாப்புக்கும் சிரிப்பு வந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு.

பணம் இல்லாமலில்லை. கைருன்னிஸா பன்னிரண்டு வருஷம் சீட்டுப் பிடித்தும் இரண்டு பசுக்கன்றை வளர்த்து விற்றும் சேர்த்தது பன்னிரண்டாயிரம் ரூபாய். அதற்குமேல் ஒரு சதம் இல்லை. அவள் கையில் கிடந்த காப்பு அஸீஸாவுக்கு என்று எப்போதோ முடிவானது. மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகியதும் முடிந்திருந்தது. மச்சான் அபூசாலியின் பழைய ஐம்பது சீசீ வண்டியில் கடற்கரை மணலில் பத்து நாள் விழுந்தெழும்பி லைசன்ஸும் எடுத்திருந்தான்.

வியாழக்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு இருவரும் பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனார்கள். கைருன்னிஸா அந்தப் பெருநாள் சாறியைத்தான் உடுத்திருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு, கையில் குடை. பணம் அவள் மடியில் முடிச்சாக இருந்தது.

"உள்ள போனதும் நான் கதைக்கிறன். நீ வாயத் தொறக்கப்படாது" என்றான் முனாப்.

"நான் என்னத்துக்குத் தொறக்கிற? நீங்கதானே பழகிட்டு வந்திரிக்கிங்க" என்றாள் அவள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

காலிதீன் முதலாளியின் கடை பெரிய வீதியில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் யப்பானிலிருந்து வந்த தொண்ணூறு சீசீ மோட்டார் சைக்கிள்கள் ஏழெட்டு வரிசையாக நின்றன. வாசலுக்கு நேரே நின்ற சிவப்பைக் கண்டதும் முனாப்பின் கால் தானாக நின்றுவிட்டது. தேய்த்து எடுத்த வெள்ளிபோல மட்கார்ட்டு. ரப்பர் வாசமும் எண்ணெய் வாசமும் கலந்து மூக்கில் ஏறின. அவன் முகம் மட்கார்ட்டில் வளைந்து தெரிந்தது. அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்ததையும் அவனே பார்த்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். வாங்க தம்பி. தங்கச்சி இரிங்க" என்று முதலாளி கதிரையைக் காட்டினார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி, வெற்றிலைச் சிவப்பு வாய். சோடா எடுத்துவரச் சொன்னார். பிறகு வரிசையோடு நடந்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இது செகப்பு, போன கிழமதான் எறக்கின. இது கறுப்பு, உத்தியோகத்தர்மார் விரும்பிற. இது நீலம். எல்லாம் ஒரே விலை. பதின்மூவாயிரத்தித் தொளாயிரம்."

முனாப் தொண்டையைச் செருமினான். செல்லத்தங்கத்தை நினைத்துக்கொண்டு சிவப்பின் முன்னால் குனிந்தான். குற்றம் சொல்லவேண்டும்.

"முதலாளி, இதுர கண்ணு வெளுத்தாப் போல இரிக்கே" என்றான்.

"எந்தக் கண்ணு தம்பி?"

"முன்னுக்குள்ள லைட்டு."

முதலாளி கிட்டே வந்து, லைட்டின்மேல் ஒட்டியிருந்த பொலித்தீனை நகத்தால் உரித்தார். உள்ளே கண்ணாடி பளீரென்று மின்னியது. "புதுச் சாமானுக்கு மேல இது ஒட்டித்தான் தம்பி வாற" என்றார் இரக்கத்தோடு.

முனாப் அடுத்த பக்கம் குனிந்தான். செவுள் என்று எதைச் சொல்வதென்று தேடினான். எஞ்சினின் பக்கத்தில் செவுள்போலவே அடுக்கடுக்காகத் தகடுகள் இருந்தன. ஆனால் குற்றம் ஒன்றும் வாயில் வரவில்லை. "நல்ல வடிவா இரிக்கி" என்று சொல்லிவிட்டான். கைருன்னிஸா குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டாயிரத்துக்குத் தருவீங்களா?" என்றான் ஒரே மூச்சில்.

ஆறில் தொடங்கவேண்டியவன் மடியிலிருந்த முழுவதையும் முதல் சொல்லிலேயே அவிழ்த்துவிட்டான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

"ஏலா தம்பி. கொழும்பில இரிந்து ஏத்தி எறக்கிற கூலியே எவ்வளவு? உங்களுக்காக நூறு ரூபா விடலாம்."

இனி மிச்சமிருந்தது திரும்பி நடப்பது மட்டும்தான். "அப்ப வேண்டாம் முதலாளி" என்று சொல்லிவிட்டு முனாப் நடந்தான். வாசலைத் தாண்டினான். யாரும் கூப்பிடவில்லை. ரோட்டைக் கடந்தான். கூப்பிடவில்லை. எதிரே சர்பத் கடை நிழலில் நின்றான். திரும்பிப் பார்க்கப்படாது என்று செல்லத்தங்கம் சொல்லியிருந்தாள். அக்கரைப்பற்று பஸ் ஒன்று வந்து நின்று போனது. கைருன்னிஸா இன்னும் கடைக்குள்தான் இருக்கிறாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சர்பத் கடைக்காரன் சிரித்தான். "மனிசிய விட்டுட்டு நடந்தா எப்புடி காக்கா கூப்பிடுவாங்க? நீங்க திரும்பி வருவீங்க எண்டு அவருக்குத் தெரியுந்தானே."

முனாப் திரும்பி வந்தான். கைருன்னிஸா சோடாவைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. அவள் சீட்டுக் கட்டக் காசு மிச்சம்பிடித்துப் பழஞ்சேலையோடு திரிந்த வருஷங்கள் அவன் கண்ணில் வந்து நின்றன. இன்றைக்கு வெறுங்கையோடு போனால் நாளைக்கும் கூரையில் கருவாடுதான்.

முதலாளி பழையபடி வரிசையைக் காட்டத் தொடங்கினார். செகப்பு, கறுப்பு, நீலம், இன்னொரு கறுப்பு. அங்கே வந்து திரும்பிவிட்டார். முதல் தடவையும் அந்த இடத்தில்தான் திரும்பினார் என்பது முனாப்புக்கு இப்போது பட்டது. அதற்கு அப்பால், சுவரோடு ஒட்டிய மூலையில் இன்னொன்று நின்றது. மஞ்சள். கோழிக்குஞ்சு மஞ்சள். முதலாளியின் கை அந்தப் பக்கம் நீளவில்லை, கண் போகவில்லை, கழுத்துக்கூடத் திரும்பவில்லை.

அந்தக் கழுத்து முனாப்புக்குத் தெரிந்த கழுத்து. பதினொரு மணி வெயிலில், விற்காத சூரை பெட்டி மூலையில் ஓலைக்கடியில் கிடக்கும்போது, அவனுடைய கழுத்தும் அப்படித்தான் நிற்கும். விற்காத மீனை விற்கிறவன் பார்க்கமாட்டான். பார்த்தால் வாங்குகிறவளும் பார்ப்பாள்.

அவன் மெல்ல மூலைக்குப் போனான். ஆசனத்தில் சுற்றிய பொலித்தீனைத் தொட்டான். வெயில்பட்டுப் பப்படம்போல நொறுங்கியது. குந்தியிருந்து டயரைப் பார்த்தான். காற்று இறங்கி, நின்ற இடத்திலேயே அமுங்கியிருந்தது. எழுந்தபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருக்கவில்லை.

"முதலாளி, இது எத்தின மாசம்?"

"எது?"

"நீங்க பாக்காம இரிக்கிற இது."

முதலாளி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"எனக்கு வாங்கத் தெரியா முதலாளி. லைட்டுக்குக் குத்தம் சொல்லிப் பாத்த, நடந்தும் பாத்த. ரெண்டும் சரி வரல்ல. நான் விக்கிறவன். நிந்தவூரில இரிந்து சொறிக்கல்முனைக்கு மீன் கொண்டுபோற. காலையில நல்ல பாரைய ஆரு வந்து எப்புடிக் கேட்டாலும் நான் எறங்கமாட்டன். செகப்பும் உங்களுக்கு அப்படித்தான், நாளைக்கு ஒரு உத்தியோகத்தர் வந்து எடுத்திட்டுப் போவார். அத நான் கேக்கல்ல. ஆனா கடைசியாக் கிடக்கிற மீன் இரிக்கே, அத ஆராவது எடுத்திட்டுப் போனாப் போதும் எண்டு மனசு துடிக்கும். காசுக்காக இல்ல முதலாளி. வீட்ட போய்ப் பெட்டியத் தொறக்க எங்களுக்கு வெக்கம். உங்களுக்கும் காலையில கடையத் தொறக்கக்குள்ள இந்த மூலையப் பாக்க விருப்பமில்ல. சரியா?"

முதலாளி மூலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முதலாளியின் வயிறு குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அல்லாஹ்வே! பத்து மாசம் தம்பி. ஆறு வண்டி கேட்டா அஞ்சும் இந்த மஞ்சத் தவக்கையும் அனுப்பி வச்சிரிக்கானுகள். வாறவனெல்லாம் இது ஆருர, தபால் கந்தோர்ரயா எண்டு கேக்கிறான். என்ட பொஞ்சாதி இத வித்தாத்தான் நீங்க யாவாரி எண்டு சொல்லிப்போட்டா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் அந்தக் காலத்தில தோளில புடவ மூட்டை வச்சு வீடு வீடா வித்தவன். நீ சொன்ன வெக்கம் எனக்குத் தெரியும். மூட்டையில கடைசித் துணி. சரி, விலையக் கேளு."

'தம்பி, நீங்க' என்றிருந்தவர் 'நீ' என்று இறங்கியது முனாப்புக்குத் தோளில் கைபோட்ட மாதிரி இருந்தது.

"பதினொண்டு."

"பதினொண்டுக்கு என்ட கை சுடும். பன்னெண்டரை."

"கை சுடாத விலை எது எண்டு எனக்குத் தெரியும் முதலாளி. அதுக்குக் கீழ நான் கேக்கல்ல. பதினொண்டு எழுநூறு."

முதலாளி அவனை உற்றுப் பார்த்தார். "எப்புடியடா தெரியும்?"

"நீங்க பன்னெண்டரை எண்டு சொல்லக்குள்ள மூலையப் பாத்து ஒரு மூச்சு விட்டீங்க. அது போகட்டும் எங்கிற மூச்சு."

"பதினொண்டு எண்ணூறு. அல்லாஹ்வுக்காக இனி வாயத் தொறக்காத."

"சரி" என்றான் முனாப். சொல்லிவிட்டுத்தான் பயந்து கைருன்னிஸாவைத் திரும்பிப் பார்த்தான். மஞ்சள். ஊரே பார்க்கும் மஞ்சள்.

கைருன்னிஸா எழுந்து வந்து மோட்டார் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"நல்லதுதான். வட்டைக்கு அந்தப் பக்கம் வரக்குள்ளேயே தெரியும். சொறிக்கல்முனையில தேங்காயத் திருவத் தொடங்கிருவாங்க" என்றாள். பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினாள். "மறுகா, பின்னுக்குப் பெட்டி வைக்கிற கரியர்?"

"அது தனி விலை தங்கச்சி."

"எங்கட மனிசன் ஒரு றாத்தல் மீன் வித்தாலும் மேல ரெண்டு சூடை மீன் போடாம அனுப்பின இல்ல முதலாளி. நீங்க இவ்வளவு பெரிய கடை வச்சிரிக்கிங்க."

முதலாளி மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கரியர் பூட்டச் சொன்னார்.

"தலைக்குப் போடுற தொப்பி?"

அதுவும் வந்தது.

"பெற்றோல் இல்லாம நாங்க எப்புடி நிந்தவூருக்குத் தள்ளிக்கொண்டு போற?"

"டேய், டாங்கிய நிரப்பு" என்றார் முதலாளி. "தம்பி, நீ மட்டும் இவவ முதல்ல கதைக்க விட்டிரிந்தா, நான் கடையையும் எழுதிக் குடுத்திட்டு வீட்ட போயிரிப்பன்."

"நான் கதைக்கிறல்ல முதலாளி. வாயத் தொறக்கப்படாது எண்டு சொல்லித்தான் கூட்டி வந்தவர்" என்றாள் கைருன்னிஸா. அதைச் சொல்லும்போது புருஷனைப் பார்த்த பார்வையில் இருந்தது கேலியா, பெருமையா என்று முனாப்புக்குப் பிரித்தறிய முடியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு அவளே சொன்னாள்.

அடுத்த நாளிலிருந்து முனாப் சொறிக்கல்முனைக்கு ஏழு மணிக்கே போய்ச் சேர்ந்ததும், இரண்டு மாதத்தில் அவனும் மருதமுனை இளந்தாரியும் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து ஊர்களைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டதும் பின்னால் நடந்தவை. அந்த வியாழக்கிழமைப் பின்னேரம் அதைவிடப் பெரியது.

அஸர் தொழுது முடித்து, கடை வாசலில் பிஸ்மி சொல்லி முனாப் மிதித்தான். இரண்டாம் மிதியில் மஞ்சள் உறுமியது. கைருன்னிஸா பக்கவாட்டில் ஏறி, ஒரு கையால் கரியரையும் மறு கையால் குடையையும் பிடித்தாள். சாய்ந்தமருது வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. ஸலவாத்து ஓதிக்கொண்டே வந்தாள். காரைதீவில் ஒரு கண்ணைத் திறந்தாள். பனைகள் பின்னால் ஓடின. கடற்காற்று முக்காட்டுக்குள் புகுந்து புடைத்தது. ஸலவாத்து எந்த இடத்தில் நின்று சிரிப்பு எந்த இடத்தில் தொடங்கியது என்று முனாப்புக்குத் தெரியவில்லை. பதினான்கு வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை. குமர்ப்பிள்ளை கிணற்றடியில் கூட்டாளிமாரோடு சிரிக்கிற சிரிப்பு.

நிந்தவூருக்குள் நுழைந்தார்கள். அவர்களுடைய ஒழுங்கை முனையில் அஸீஸாவும் அடுத்த வளவுக்காரியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கூடி நின்றார்கள். முனாப் பிறேக்கில் காலை வைத்தான்.

"நிப்பாட்டாதீங்க" என்றாள் கைருன்னிஸா.

"என்ன?"

"நிப்பாட்டாதீங்க எங்கிறன். இன்னும் கொஞ்சம் போங்க."

"உம்மா!" என்று அஸீஸா கத்தினாள். கைருன்னிஸா குடையை உயர்த்தி மகளுக்கு ஆட்டினாள். "மறுகா வாறம்!" அடுத்த வளவுக்காரியின் திறந்த வாய் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது.

"பெற்றோல் எரியுது புள்ள" என்றான் முனாப்.

"முதலாளிர பெற்றோல்தானே. எரியட்டும்."

ஊர் முடிந்தது. இரண்டு பக்கமும் பச்சை. சிறுபோக நெல் கதிர் தள்ளக் காத்திருக்கும் குடலைப் பருவத்தில் நின்றது. களியோடைப் பாலத்தில் ஏறி இறங்கியபோது இருவர் வயிற்றிலும் ஏதோ லேசாகத் தூக்கிப் போட்டது. ஒலுவில் போனது. பாலமுனையில் கைருன்னிஸாவின் மூத்த சகோதரி உம்மு ராத்தாவின் வீட்டு முன்னால்தான் போய் நின்றார்கள்.

உம்மு ராத்தா முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். தங்கையையும் மச்சானையும் சொல்லாமல் கொள்ளாமல் கண்டதும் கையிலிருந்த சுளகு விழுந்தது.

"யா அல்லாஹ், என்ன புள்ள? ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல ராத்தா" என்றாள் கைருன்னிஸா மூச்சு வாங்கிக்கொண்டு. முக்காடு தோளில் கிடந்தது, தலைமயிர் கலைந்து நின்றது.

"அப்ப என்னத்துக்கு வந்த?"

முனாப் யோசித்துப் பார்த்தான். பதினாறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை ரோட்டில் இறங்கியிருப்பான். பெட்டியில்லாமல் ஒருநாளும் போனதில்லை.

"சும்மா வந்த ராத்தா" என்றான்.

உம்மு ராத்தா அவனைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், மஞ்சளைப் பார்த்தாள். ஒரு விரலால் டாங்கியைத் தொட்டாள். பிறகு கைநெல்லைத் தட்டிவிட்டு முக்காட்டைக் காதோடு இறுக்கிச் செருகினாள். ஐந்து பிள்ளை பெற்ற மனுஷி.

"எறங்காதீங்க மச்சான். என்னயும் ஒருக்கா ஏத்திட்டுப் போங்க. களியோடைப் பாலம் மட்டும்."

"ராத்தா, நெல்லு?"

"நெல்ல நீ பாரு."

அவள் ஏறி உட்கார, மஞ்சள் ஒரு முறை அமுங்கி எழும்பியது. முனாப் மிகக் கவனமாக, முட்டை ஏற்றிப் போகிறவன்போல, மெல்ல நகர்த்தினான். கைருன்னிஸா கோழிகளுக்கு நடுவே சுளகோடு நின்று வீதிவரை கேட்கும்படி கத்தினாள்:

"மெல்லப் போனா ஒண்டும் விளங்கா! முறுக்கி விடுங்க!"